சொல்ல முடிந்தவரின் மனக்குறை: மறைமலை நகர் ஆலைகளும் வேலைத் திருப்தியும்

வண்டலூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில், பரனூர் என்று ஒரே நீளத்தில் கார் ஆலைகளும், உதிரிபாகப் பட்டறைகளும், மென்பொருள் வளாகங்களும், கல்லூரிகளும் வரிசையாக வருகின்றன. ஆலைகளுக்குப் பக்கத்திலேயே மேலாண்மைக் கல்லூரிகளும் இருப்பதால், இந்தப் பகுதியில் ‘ஊழியர் வேலைத் திருப்தி’ என்பது மாணவர்களின் திட்ட ஆய்வுகளுக்கு மிகவும் பழகிய தலைப்பாகிவிட்டது. சம்பளம், கேன்டீன், மேலாளரின் நடத்தை, பதவி உயர்வு, பணியிடப் பாதுகாப்பு என்று ஒவ்வொன்றையும் பற்றிக் கேள்வி இருக்கும். ‘மிகவும் திருப்தி’ முதல் ‘மிகவும் அதிருப்தி’ வரை ஐந்து கட்டங்கள் இருக்கும். ஹெச்.ஆர். துறையின் அனுமதியோடு, பெரும்பாலும் அந்தத் துறை கைகாட்டும் ஊழியர்களிடமே தாள் கொடுக்கப்படும். வரும் விடைகளைக் கூட்டி வகுத்து ஒரு சராசரி எடுத்ததும் ஆய்வு முடிந்துவிடும். அந்தச் சராசரியை நம்பலாமா என்பதே என் கேள்வி. நாளைக்கும் இந்த வேலை இருக்குமா, குறை இருந்தால் அதை அஞ்சாமல் சொல்ல வழி உண்டா என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொள்ளாமல் ஒரு தொழிலாளி திருப்தியாக இருக்கிறார் என்று சொல்வதில் பொருளே இல்லை என்பது என் வாதம். கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் சென்னையின் தென்புறத்திலும் மேற்புறத்திலும் நடந்தவை இதற்குப் போதுமான சான்று தருகின்றன.

வேலைத் திருப்தி ஆய்வின் தொடக்கத்திலேயே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. வேலைத் திருப்தியை முதன்முதலில் விரிவாக அளந்த நூல்களில் ஒன்றை அமெரிக்கரான ராபர்ட் ஹாப்பாக் 1935இல் வெளியிட்டார். பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற சிற்றூரில் வேலையில் இருந்தவர்களிடம் அவர் கேட்டார். அது பெரும் மந்தத்தின் காலம்; லட்சக்கணக்கானோர் வேலையின்றித் தெருவில் நின்றார்கள். அப்படியிருந்தும் வேலையில் இருந்தவர்களில் பெரும்பான்மையோர் திருப்தி என்றே சொன்னார்கள். ‘அப்படியிருந்தும்’ என்று சொல்வதுகூடச் சரியில்லை. அதனால்தான் அப்படிச் சொன்னார்கள். வெளியே நிற்பவரைப் பார்த்தபடி உள்ளே இருப்பவர் சொல்லும் திருப்தியில் வேலையின் தரத்தைவிட வெளியே இருக்கும் அச்சமே அதிகம் பதிவாகிறது. அன்று முதல் இன்று வரை ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் இத்தகைய கேள்விக்குப் பெரும்பான்மையினர் ‘திருப்தி’ பக்கமே சாய்கிறார்கள். நல்ல வேலை, கெட்ட வேலை இரண்டிலும் இது நடக்கிறது.

காரணத்தைப் பொருளியலாளர்கள் பலவிதமாகக் காட்டியிருக்கிறார்கள். ஆண்ட்ரூ கிளார்க்கும் ஆண்ட்ரூ ஆஸ்வால்டும் 1996இல் பிரிட்டனின் தரவுகளைக் கொண்டு எழுதிய கட்டுரையில், ஒருவரின் திருப்தி அவர் வாங்கும் சம்பளத்தைவிட, தன்னை யாரோடு ஒப்பிட்டுக்கொள்கிறார் என்பதையே அதிகம் சார்ந்திருப்பதாகக் கண்டார்கள். அடுத்த ஆண்டு கிளார்க் இன்னொன்றைக் காட்டினார்: சம்பளமும் பதவியும் குறைவாக இருந்தும் பெண்கள் ஆண்களைவிட அதிகத் திருப்தி தெரிவித்தார்கள். பெண்களின் எதிர்பார்ப்பு தாழ்ந்திருந்ததே அவர் கண்ட முக்கிய விளக்கம். நீண்ட காலம் இல்லாமையில் வாழ்பவர் தன் ஆசைகளையே சுருக்கிக்கொள்கிறார், ஆகையால் அவர் வாயால் சொல்லும் நிறைவை மட்டும் வைத்து அவர் நலத்தை அளக்கக் கூடாது என்று அமர்த்திய சென் பல இடங்களில் வலியுறுத்தியிருக்கிறார். இந்தியாவின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இந்த எச்சரிக்கை வேறெந்த மாநிலத்தையும்விட நமக்கே அதிகம் பொருந்துகிறது.

நம் கல்லூரிகளில் இன்னும் முதன்மையாகப் பாடம் நடப்பது ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கின் இருகாரணிக் கோட்பாடு. சம்பளம், மேற்பார்வை, பணிச்சூழல் போன்றவை குறைந்தால் அதிருப்தி வரும், கூடினாலோ திருப்தி வந்துவிடாது. சாதனை, அங்கீகாரம், பொறுப்பு ஆகியவையே திருப்தி தரும் என்பது 1959இல் அவர் சொன்னது. இதை அவர் யாரிடம் கேட்டு அறிந்தார் என்பதை நம் திட்ட ஆய்வுகள் பெரும்பாலும் எழுதுவதில்லை. பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் இருந்த ஏறத்தாழ 200 பொறியாளர்களும் கணக்கர்களுமே அவருடைய ஆதாரம். நிரந்தர வேலையும் கௌரவமான பதவியும் ஏற்கெனவே கையில் இருந்தவர்கள் அவர்கள். ஒன்பது மாதம் கழித்து வேறு கான்ட்ராக்டரின் பெயரில் மாற்றி எழுதப்படப்போகும் இருபத்திரண்டு வயது இளைஞரின் நிலைக்கு அதை அப்படியே பொருத்தினால், வேலை நிலைக்குமா என்ற அவருடைய முதல் கவலை ‘பணிச்சூழல்’ என்ற ஒரு வரியில் அடங்கிப்போகிறது.

நிர்வாகங்கள் இந்தக் கருத்துக் கணிப்புகளில் ஏன் ஆர்வம் காட்டுகின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. திருப்தியான தொழிலாளி அதிகம் உற்பத்தி செய்வார் என்ற நம்பிக்கையே அதற்கு அடிப்படை. இதை 1955இலேயே பிரேஃபீல்டும் கிராக்கெட்டும் ஆராய்ந்து, இரண்டுக்கும் சொல்லத்தக்க உறவு இல்லை என்றார்கள். 1985இல் இயாஃபல்டானோவும் முச்சின்ஸ்கியும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒட்டுறவுக் கெழு 0.17தான் கிடைத்தது. 2001இல் திமோதி ஜட்ஜும் உடனாய்வாளர்களும் 54,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டி, பிழைகளைச் சரிசெய்து, 0.30 என்று உயர்த்தினார்கள். சிக்கலான, தன் விருப்பத்துக்கு இடமுள்ள வேலைகளில் அந்த உறவு இன்னும் வலுவாக இருந்தது. அசெம்பிளி லைன் வேகத்தை இயந்திரமே முடிவு செய்யும் இடத்தில் தொழிலாளியின் மனநிலை எண்ணிக்கையை அதிகம் மாற்றாது என்பது இதிலிருந்தே தெரியும். எனவே உற்பத்திக்காகத் திருப்தியை அளப்பது ஆலைத் தளத்தில் வலுவற்ற காரணம். ஒரு மனிதர் விழித்திருக்கும் நேரத்தில் பாதியைக் கழிக்கும் இடம் அவரை எப்படி நடத்துகிறது என்பது தன்னளவிலேயே முக்கியம் என்பதற்காக அளக்க வேண்டும்.

தென்னிந்திய ஆலைத் தொழிலாளர்களை மிகக் கூர்ந்து பார்த்த நூல்களில் ஒன்று, மார்க் ஹோம்ஸ்ட்ராம் 1976இல் பெங்களூரு ஆலைகளைப் பற்றி எழுதியது. ஆலையில் நிரந்தர வேலை என்பது தொழிலாளர்களின் எண்ணத்தில் ஒரு கோட்டை போல இருப்பதை அவர் பதிவுசெய்தார். உள்ளே வந்துவிட்டால் பாதுகாப்பு, வெளியே நின்றால் எதுவும் உறுதியில்லை. மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கி, சென்னையின் நெரிசலைக் குறைக்கத் துணைநகரமாகத் திட்டமிடப்பட்ட மறைமலை நகருக்குச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் அந்தக் கோட்டைக்குள் நுழையவே வந்தார்கள். ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்தவருக்கு ‘கம்பெனியில் பர்மனென்ட்’ என்பது வங்கிக் கடனுக்கும், வீட்டு வாடகைக்கும், பெண் பார்க்கும்போது சொல்லப்படும் முதல் வாக்கியத்துக்கும் ஆதாரம். ஒருவர் தன் வேலையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதில் அந்த வேலையை ஊர் எப்படி மதிக்கிறது என்பதும் கலந்திருக்கிறது. கேள்வித்தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

கோட்டையின் மதிலோ இப்போது ஆலைக்குள்ளேயே ஓடுகிறது. தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய ஆலைத் தொழிலாளர்களில் கான்ட்ராக்ட் மூலம் அமர்த்தப்பட்டவர்களின் பங்கு 2000ஆம் ஆண்டு வாக்கில் ஐந்தில் ஒன்றாக இருந்து, 2022-23இல் ஐந்தில் இரண்டைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் 1981இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும் என்கிறது. நாட்டிலேயே அரிதான, நல்ல சட்டம் இது. ஆனால் அதன் நல்லெண்ணமே ஒரு கெடு நாளையும் குறித்துவிட்டது: 480ஆவது நாள் வருமுன் ஆளை மாற்றுவது, பெயரளவில் இடைவெளி விடுவது, ‘டிரெய்னி’ ‘அப்ரண்டிஸ்’ என்று வேறு பெயரில் வைத்திருப்பது ஆகியவை பரவின. 2013இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு கொண்டுவந்த ‘நீம்’ திட்டத்தில் சேர்ந்தவர்கள் சட்டப்படி தொழிலாளர்களே அல்ல. அவர்களுக்குக் கிடைத்தது சம்பளம் அன்று, உதவித்தொகை. லைனில் அவர்கள் செய்ததோ பக்கத்தில் நின்ற நிரந்தரத் தொழிலாளி செய்த அதே வேலை.

ஒப்பீடுதான் திருப்தியைத் தீர்மானிக்கிறது என்றால், இந்த அமைப்பு ஒவ்வொருவர் மனத்திலும் என்ன செய்யும் என்று பார்க்கலாம். பக்கத்தில் நிற்பவர் தன்னைவிட இரண்டு மூன்று மடங்கு வாங்குவதைக் கான்ட்ராக்ட் தொழிலாளி தினமும் காண்கிறார். நிரந்தரத் தொழிலாளியோ தன் இடத்தைப் பாதிச் செலவில் நிரப்ப ஆள் காத்திருப்பதைத் தினமும் காண்கிறார். முதலாமவர் வாய்திறந்தால் மறுநாள் கேட்டில் அவர் அட்டை வேலை செய்யாது. இரண்டாமவருக்கு வாய்திறக்கச் சங்கம் வேண்டும். கருத்துக் கணிப்பு நடக்கும்போது கான்ட்ராக்ட் தொழிலாளி நிறுவனத்தின் ஊழியர் பட்டியலிலேயே இல்லாததால் தாள் அவர் கைக்குப் பெரும்பாலும் போவதில்லை. வேலையில் யாருக்கு மிகக் குறைந்த பாதுகாப்போ அவரையே விட்டுவிட்டு எடுத்த சராசரியை ‘ஊழியர் மனநிலை’ என்று எப்படிச் சொல்வது?

மறைமலை நகரின் ஃபோர்டு ஆலைதான் இந்த விவாதத்தின் மையம் என்று நினைக்கிறேன். 1995இல் மஹிந்திராவோடு கூட்டாக இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு, 1999இல் ‘ஐகான்’ காரை இங்கிருந்து வெளியிட்டது. பிறகு ஃபிகோ, எக்கோஸ்போர்ட், எண்டெவர் என்று வந்தன. கார்களும் எஞ்சின்களும் ஏற்றுமதியாயின. தமிழ்நாட்டைக் கார் மாநிலமாக ஆக்கியதில் அந்த ஆலைக்குப் பெரும் பங்கு உண்டு. 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்றது. குஜராத்தின் சாணந்த் ஆலையும் மறைமலை நகர் ஆலையும் சேர்ந்து ஏறத்தாழ 4,000 ஊழியர்களின் வேலை அதில் அடங்கியது. அவர்களை நம்பிய உதிரிபாகப் பட்டறைகள், டிரான்ஸ்போர்ட், கேன்டீன் ஆட்கள் அந்தக் கணக்கில் இல்லை. அதே அறிவிப்பில், சென்னையை மையமாகக் கொண்ட தொழில்நுட்ப, அலுவலகப் பணிப் பிரிவு தொடரும், விரியும் என்றும் சொல்லப்பட்டது. சோழிங்கநல்லூரில் கணினி முன் இருந்தவருக்கு வளர்ச்சி, மறைமலை நகரில் லைனில் நின்றவருக்கு முடிவு. அறிவிப்பு நாளுக்கு முந்தின வாரம் இருவரிடமும் அதே கேள்வித்தாளைக் கொடுத்திருந்தால், மறைமலை நகர்த் தொழிலாளி ஒருவேளை அதிக மதிப்பெண்கூடப் போட்டிருப்பார். அந்த மதிப்பெண்ணுக்கு ஒரு வாரம்கூட ஆயுள் இருந்திருக்காது.

அடுத்த ஓராண்டில் தொழிலாளர்கள் எதைக் கேட்டார்கள், எந்த வரிசையில் கேட்டார்கள் என்பதைப் பார்த்தால், வேலையில் அவர்கள் எதை மதித்தார்கள் என்பது எந்தக் கருத்துக் கணிப்பையும்விடத் தெளிவாகத் தெரிகிறது. முதலில் அவர்கள் கேட்டது பணமல்ல. ஆலையை யார் வாங்கினாலும் எங்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்பதே கோரிக்கை. 2022 பிப்ரவரியில் மத்திய அரசின் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் ஃபோர்டுக்கு ஒப்புதல் கிடைத்ததும், மின்கார் தயாரிக்கலாம் என்ற நம்பிக்கை துளிர்த்தது. மே மாதம் நிறுவனம் அந்த யோசனையைக் கைவிட்டது. மாத இறுதியில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அப்போதுதான் பேச்சு முழுக்கவும் இழப்பீட்டுக்குத் திரும்பியது. பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 115 நாள் சம்பளம் என்று ஜூனில் இருந்த பேச்சு, செப்டம்பரில் சராசரியாக 140 நாள் என்ற அளவில் முடிந்தது. இடையே ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியேறியது. மீதி ஏற்றுமதிக் கார்களை முடித்துக் கொடுத்தவர்களும் இதே தொழிலாளர்கள்தாம். தன் வேலை முடியப்போகிறது என்று தெரிந்தும் பழுதில்லாமல் வண்டியை முடித்துக் கொடுக்கிற மனப்பான்மையை ‘நிறுவனப் பற்று’ என்று மேலாண்மை நூல்கள் சொல்லும். எனக்கு அது தொழிலின் மேல் உள்ள மரியாதையாகவே படுகிறது. நிறுவனம் அவர்களை விட்டுவிட்ட பிறகும் அந்த மரியாதை அவர்களிடம் மிச்சம் இருந்தது.

சாணந்தில் வேறு முடிவு கிடைத்தது. அந்தக் கார் ஆலையை டாடா மோட்டார்ஸின் துணை நிறுவனம் வாங்கியபோது, தகுதியுள்ள தொழிலாளர்களுக்கு வேலை தருவதும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஒரே நிறுவனம், ஒரே அறிவிப்பு. ஒரு ஊர்த் தொழிலாளிக்கு வேலை தொடர்ந்தது, இன்னொரு ஊர்த் தொழிலாளிக்குக் கணக்கு முடிந்தது. நல்ல இழப்பீடு கிடைத்ததே, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மாரியந்தால் என்ற ஊரில் நூற்பாலை மூடிய பிறகு மாரி யாஹோடாவும் உடனாய்வாளர்களும் அங்கே தங்கி ஆராய்ந்ததில் இதற்கு விடை இருக்கிறது. உதவித்தொகை வந்தும் அந்த மக்கள் நேரத்தின் ஒழுங்கை இழந்தார்கள். நூலகத்தில் புத்தகம் எடுப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டார்கள். வேலை சம்பளத்தோடு நாளுக்கு ஒரு வடிவத்தையும், குடும்பத்துக்கு வெளியே உறவுகளையும், ஊரில் ஓர் இடத்தையும் தருகிறது என்று யாஹோடா பின்னாளில் விளக்கினார். முப்பத்தெட்டு நாற்பது வயதில் கணக்கு முடிக்கப்பட்ட கார்த் தொழிலாளிக்கு, அதே சாலையில் இன்னொரு ஆலையில் அதே தகுதியில் நிரந்தர வேலை எளிதில் கிடைக்காது. ஆலைகள் தேடுவது இருபது வயதுக்காரரை.

சம்பளம் உயர்ந்தால் குறை தீரும் என்ற எண்ணத்துக்கு 2024இல் சுங்குவார்சத்திரத்திலிருந்து பதில் வந்தது. சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. எங்கள் ஆலையின் நிரந்தரத் தொழிலாளர்களின் சராசரிச் சம்பளம் இந்த வட்டாரத்தின் சராசரியைப் போல 1.8 மடங்கு என்று நிறுவனம் அறிக்கை விட்டது. அந்தக் கூற்றை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அது நிறுவனத்தின் வாதத்தைவிடத் தொழிலாளர்களின் வாதத்தையே வலுப்படுத்துகிறது. ஏறத்தாழ இரண்டு மடங்கு சம்பளம் வாங்குபவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் சம்பளத்தை இழந்து பந்தலில் உட்கார்ந்தார்கள் என்றால், அவர்கள் தேடியது சம்பளத்தில் இல்லை. சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும், அதோடு நிர்வாகம் பேச வேண்டும் என்பதே முதன்மைக் கோரிக்கை. உயர்நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. வெளியாட்கள் தூண்டிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போது பலமாக ஒலித்தது. வெளியாள் வரலாம், பேசலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 37 நாள் சம்பளமில்லாமல் உட்காரவைக்க, உள்ளே ஏற்கெனவே சேர்ந்திருந்த குறை இருந்தாக வேண்டும்.

சென்னைக்கு இது புதிதும் அல்ல. 1918 ஏப்ரல் 27 அன்று மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கப்பட்டபோது, பெரம்பூர் பகுதியின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் பி.பி. வாடியாவிடமும் திரு.வி.க.விடமும் சொன்ன குறைகளில் கூலியோடு மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பதும், மேற்பார்வையாளர்கள் கைநீட்டுகிறார்கள் என்பதும் இருந்தன. சாப்பிட நேரமும், மனிதராக நடத்தப்படுவதும். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் இந்த இரண்டிலிருந்தும் பிறந்தது என்பதை நம் மேலாண்மைப் பாடநூல்கள் ஹாத்தோர்ன் சோதனைகளுக்கு முன்பாகவே சொல்லித் தரலாம். அமெரிக்காவின் ஹாத்தோர்ன் ஆலையில் ஆய்வாளர்கள் 1924இல்தான் விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். தொழிலாளியை யாராவது கவனித்துக் கேட்டாலே நிலைமை மாறும் என்பதைப் பெரம்பூர்க்காரர்கள் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே கண்டிருந்தார்கள்.

கேட்க ஆளில்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பர் காட்டியது. ஶ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யாரோ இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. நிர்வாகத்திடமிருந்து நம்பத்தக்க ஒரு சொல் வராத நிலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் இரவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. விடுதியின் நெரிசல், கழிப்பறை, சோறு எல்லாம் அன்று முளைத்த குறைகள் அல்ல. அதற்கு முந்தின மாதம்வரை அவர்கள் பேசாமல் இருந்ததை யாரேனும் ‘திருப்தி’ என்று பதிவு செய்திருந்தால், அந்தப் பதிவு பொய். பின்னர் வல்லம் வடகாலில் சிப்காட் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகத்தைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது நல்ல செயல், மனமாரப் பாராட்ட வேண்டியது. ஆனால் அந்தப் பெண்கள் சாலைக்கு வந்த பிறகுதான் ஆலையும் அரசும் அவர்கள் தங்குமிடத்தை இந்த அளவுக்குக் கவனித்தன என்பதையும் மறக்கக் கூடாது.

இதே கதை கார்த் தொழிலில் முன்பும் நடந்திருக்கிறது. 1960களில் ஜான் கோல்ட்தார்ப்பும் டேவிட் லாக்வுட்டும் இங்கிலாந்தின் லூட்டன் நகரில் வாக்ஸ்ஹால் கார் ஆலை உள்ளிட்ட மூன்று ஆலைகளின் தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். இவர்கள் வேலையில் நிறைவைத் தேடவில்லை, நல்ல சம்பளத்துக்கான வழியாகவே வேலையைப் பார்க்கிறார்கள், நிர்வாகத்தோடு இணக்கமாக இருக்கிறார்கள் என்பது அவர்களுடைய முடிவு. நூல் 1968இல் வெளிவருமுன்பே, 1966இல், அதே வாக்ஸ்ஹால் ஆலையில் தொழிலாளர் கொந்தளிப்பு வெடித்தது. ஆய்வாளர்கள் திறமைசாலிகள், கேள்விகள் நேர்மையானவை. இருந்தும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டபோது வராத விடை, கூட்டமாக நின்றபோது வந்தது.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபணை எழும். சங்கம் இருக்கும் ஆலைகளில் அதிருப்தி குறைகிறதா? இல்லை. ரிச்சர்ட் ஃப்ரீமனும் ஜேம்ஸ் மெடாஃபும் 1984இல் அமெரிக்கத் தரவுகளைத் தொகுத்து எழுதியபோது, சங்கத்தில் இருப்பவர்கள் மற்றவர்களைவிடக் குறைவான திருப்தியே தெரிவிப்பதாகக் கண்டார்கள். ஆகவே சங்கம் மனக்குறையை வளர்க்கிறது என்று வாதிடலாம். ஆனால் அதே தரவுகளில் இன்னொன்றும் இருந்தது: அதிகம் குறை சொன்ன அதே தொழிலாளர்கள் வேலையை விட்டுப் போவது குறைவு. வேலை பிடிக்காதவர்தானே விட்டுப் போக வேண்டும்? ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் காட்டிய வேறுபாடு இதைப் புரியவைக்கிறது. குறை கண்டவருக்கு இரண்டு வழிகள்: வெளியேறுவது, குரல் கொடுப்பது. குரலுக்கு வழி திறந்திருந்தால் மனிதர் நின்று பேசுகிறார். சங்க ஆலையின் குறைந்த மதிப்பெண், இந்த இடம் சரியாகும் என்று நம்புபவர் போடும் மதிப்பெண். குரல் இல்லாத ஆலையின் உயர்ந்த மதிப்பெண்ணை, அடுத்த போனஸ் வந்ததும் போய்விடலாம் என்று இருப்பவரும் போட முடியும். எது நல்ல ஆலை என்று சொல்ல, மதிப்பெண்ணோடு எத்தனை பேர் எத்தனை நாள் நின்றார்கள் என்பதும் வேண்டும்.

இன்றைய இளைஞர்களே ஒரே ஆலையில் இருக்க விரும்புவதில்லை, நிரந்தரம் பழைய தலைமுறையின் ஆசை என்று சொல்வோரும் உண்டு. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் வளாகங்களில் வேலை மாறுவதே சம்பள உயர்வுக்கு வழி. அங்கே வெளியேறும் உரிமையே ஒருவகைக் குரல். ஆலைத் தளத்தில் நிலைமை வேறு. ஓர் உதிரிபாகப் பட்டறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் டிரெய்னிக்கு அங்கும் அதே உதவித்தொகைதான் காத்திருக்கிறது. முந்தின ஆலையில் கழித்த நாள்கள் 480க்கான கணக்கில் சேராது. அவர் மாறிக்கொண்டே இருக்கிறார் என்பதை வைத்து மாற்றத்தை விரும்புகிறார் என்று முடிவுகட்ட முடியாது. திருமணத்துக்கு முன் மூன்று நான்கு ஆண்டுகள் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று வரும் பெண்களைப் பற்றியும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. திருமணமான பிறகும் வேலை செய்ய இடமும் குழந்தைக் காப்பகமும் இருக்கும் என்றால் அவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்புவார்கள் என்பதை அப்படிப்பட்ட ஏற்பாடு செய்துபார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.

தொழிலாளர் குரல் எழுப்பினால் முதலீடு ஓடிவிடும் என்ற அச்சமும் உண்மையானதே. வேலையே இல்லாத இடத்தில் வேலைத் திருப்தியைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் ஃபோர்டு போனது குறைந்த விற்பனையும் நட்டமும் சேர்ந்து தள்ளியதால். திரும்பி வந்ததும் அதே இடத்துக்கு. 2024 செப்டம்பரில் விருப்பக் கடிதம் கொடுத்த நிறுவனம், 2025 அக்டோபர் இறுதியில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் செய்திருக்கிறது: 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள், 600க்கும் மேற்பட்ட வேலைகள், 2029இல் உற்பத்தி. 140 நாள் சம்பளத்துக்காகத் தெருவில் நின்ற தொழிலாளர்களின் நினைவு அந்த முடிவைத் தடுக்கவில்லை. துறைமுகமும், உதிரிபாகத் தொழிலும், கைத்தேர்ச்சி உள்ள ஆட்களும் இருக்கும் இடத்தைத் தொழிலாளியின் குரல் கெடுத்துவிடாது.

ஆகவே இந்தப் பகுதியில் இனி வேலைத் திருப்தியை ஆராய விரும்பும் மாணவருக்கும், ஹெச்.ஆர். துறைக்கும், தொழிலாளர் துறைக்கும் ஐந்து கட்டக் கேள்வித்தாளை மட்டும் நம்ப வேண்டாம் என்றே சொல்வேன். ஓர் ஆலையில் எத்தனை பேர் 480 நாளைக் கடந்தார்கள், எத்தனை பேர் 400க்கும் 480க்கும் இடையில் நின்றுபோனார்கள் என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ஓராண்டில் எத்தனை குறைகள் எழுத்தில் வந்தன, அவற்றில் எத்தனை கான்ட்ராக்ட் தொழிலாளர்களுடையவை, எத்தனை தீர்ந்தன, குறை சொன்னவர் ஆறு மாதம் கழித்தும் வேலையில் இருக்கிறாரா என்பதை எண்ணிவிடலாம். ஒரு குறையும் வராத ஆலையைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் நிர்வாகமும் தொழிலாளரும் சமமாக இருக்கும் குறைதீர்ப்புக் குழு வேண்டும் என்கிறது. பெண்களுக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அதே தொகுப்பு அப்ரண்டிஸ்களைத் தொழிலாளி என்ற வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. லைனில் பாதிப்பேர் அந்த வரையறைக்கு வெளியே நிற்கும் ஆலையில் அந்தக் குழுவின் முன் யார் போய் நிற்பார்கள் என்பதை, மறைமலை நகரில் ஆளெடுப்பு தொடங்குமுன் அரசு தீர்மானித்தாக வேண்டும். புதிய எஞ்சின் ஆலையின் அந்த 600 வேலைகளில் எத்தனை நிரந்தரம் என்ற எண்ணிக்கையை ஒப்பந்தத்தின் ஒரு வரியாகவே கேட்டு வாங்கலாம். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.